விடாத காந்தம்

துரை,

நம் தோல் பதனிடும் ஷாப்பின் நடு முற்றத்தில், முதலாளியும் கணக்கரும் தொட்டி ஆட்களும் பட்டை மில் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்க, உனக்கும் அந்தப் பெண்களில் ஒருத்தியான எஸ்தருக்கும் தகாத உறவு இருப்பதாக நான் பேசினேன். அது பொய். பேசும்போதே பொய் என்று தெரிந்துதான் பேசினேன். தோல்கள் கறுத்ததற்கு எஸ்தரின் கை காரணமல்ல, நான் செய்த காந்தம் காரணம். அவள் வேலை போனதும், அவள் புருஷன் சூசை அவளை வீட்டுக்குள் சேர்க்காமல் இருப்பதும், நீ விடுப்பு முடியும் முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கவயலுக்கு ரயில் ஏறியதும் என்னுடைய அந்த ஒரு பேச்சினால் வந்தவை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. ஒரு பிரதி உனக்கு வரும். இன்னொன்றை ஷாப்பு வாசல் கதவில் ஆணி அடித்து மாட்டுவேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். பலர் கேட்கச் சொன்னதை உன்னிடம் மட்டும் காதோடு காதாகத் திருப்பி எடுத்துக்கொண்டால் அது எடுத்ததாகாது. இதில் உன் பெயரும் எஸ்தரின் பெயரும் மறுபடி ஊர் வாயில் விழும் என்பது எனக்குத் தெரியும். விழாமல் செய்ய வழி தெரியவில்லை. தெரிந்தால் செய்திருப்பேன்.

எனக்கு உன்மேலும் வருத்தம் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை. நான் யாரிடமும் கைகட்டிப் படித்தவன் இல்லை. என் அப்பா தோலை இழுத்துக் காயவைக்கும் ஆள். நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பாலாற்றங்கரை ஷாப்புகளில் தோல் மிதித்தவன். ஆயில் இன்ஜினை ஓட்ட வெளியூரிலிருந்து வந்த ஆள் காய்ச்சலில் படுத்தபோது, அதைப் பிரித்துப் பார்த்துப் பூட்டி ஓட்டினேன். பிறகு டைனமோ வந்தது. அதையும் அப்படியே கற்றேன். ரயில்வே ஆட்கள் குப்பையில் போட்ட இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். இப்படி ஏறி வந்தவனுக்கு, தான் பெற்ற பிள்ளை தங்கவயல் மின்சாரப் பட்டறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுவந்து, "இது தப்பு நைனா" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசித்தாய் என்று பிறகு தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். வாசலில் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும். தோலை ஊறவைக்க மலையிலிருந்து வரும் ஆவாரம்பட்டை போதாமல், முதலாளி கப்பலில் வரும் சீமைப் பட்டையை வாங்க ஆரம்பித்தார். அந்தக் கட்டுகளை மெல்லிய இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி அனுப்புகிறார்கள். கட்டைப் பிரிக்கும்போது கம்பித் துண்டு ஒன்றிரண்டு பட்டைக்குள் தங்கிவிடும். மில்லின் கத்தி பட்டையோடு சேர்த்து அதையும் பொடிப்பொடியாக வெட்டும். பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் என்ன ஆகும் என்று ஷாப்பில் வேலை செய்யும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மசி ஆகும். அந்தத் தொட்டியில் ஊறும் தோலில் கருநீலப் புள்ளி விழும். கழுவினாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. பெண்கள் முறம் வைத்துப் புடைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு சிறிய இரும்பு கண்ணுக்கு எங்கே தெரியும்? அப்போதுதான் முதலாளியிடம் சொன்னேன், டைனமோவை வைத்து ஒரு காந்தம் செய்கிறேன், பட்டை சரிந்து வரும் பலகைக்கு மேலே தொங்கவிடலாம், இரும்பை அது பொறுக்கிக்கொள்ளும் என்று.

கரண்டு காந்தத்தின் நன்மை, அது பிடிக்கவும் செய்யும், விடவும் செய்யும். இரும்பு சேர்ந்ததும் காந்தத்தை ஒரு தட்டுக்கு மேலே திருப்பி, கரண்டை நிறுத்தினால் எல்லாம் பொலபொலவென்று தட்டில் கொட்டிவிட வேண்டும். மறுபடி பலகைக்கு மேல் திருப்பி, கரண்டைக் கொடுத்தால் வேலை தொடரும். அந்த வேலையை எஸ்தரிடம் கொடுத்தேன். பட்டை மில்லில் நிதானமான ஆள் அவள்தான் என்று நான்தான் சொன்னேன். இதையும் வாசலில் படிப்பவர்கள் கவனிக்கட்டும்.

காந்தத்தின் நடுத்தண்டுக்கு நான் எதையும் விலைக்கு வாங்கவில்லை. கெடுதல் செய்த கட்டுக்கம்பியையே எடுத்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம். மெல்லிய கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, தண்டுக்கு மென்மையான இரும்பு வேண்டும் என்று. அதுவரை சரி. ஆறிய கம்பி வாழைநார் போலத் துவண்டு கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. தோலில் வளர்ந்த கை அல்லவா இது? காய்ந்து விறைத்த தோலை அடித்து, மடித்து, பிசைந்து, இழுத்து, மறுபடி அடித்தால்தான் அது துணிபோல இளகும். கை எவ்வளவு படுகிறதோ அவ்வளவு மென்மை. இரும்புக்கும் அதுதான் என்று என் கை முடிவு செய்துவிட்டது. கம்பிகளை மரச்சுத்தியால் தட்டி நேராக்கினேன். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு முனையைக் கட்டிவைத்து, மறுமுனையில் கடப்பாரை கொடுத்து, கயிறு திரிப்பதுபோல முறுக்கினேன். பிறகு சுத்தியால் அடித்து உருண்டையாக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. மேலே சுற்றும் செம்புக் கம்பியையும் இரண்டு தூணுக்கு நடுவில் கட்டி, வார் இழுப்பதுபோல இழுத்து விறைப்பாக்கித்தான் சுற்றினேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் நகம் நுழையாது. முதலாளி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேஸ்திரி, இது ஒன்னோட ரெண்டாவது சம்சாரமா? இப்பிடி சிங்காரிச்சு வச்சிக்கீற?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் நீ பிறந்த அன்றுகூட இருந்ததா என்று தெரியவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

நீ விடுப்பில் வந்தது அதற்குப் பிறகு. வந்த மறுநாளே மில்லுக்கு வந்து காந்தத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். செம்புச் சுருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜாஸ்தி சூடாவுதே நைனா" என்றாய். பிறகு தண்டின் முனையைப் பார்த்தாய்.

"காய்ச்சினப்புறம் முறுக்கினீங்களா?"

"முறுக்காம? வைக்கோல் மாதிரி தொளதொளன்னு கட்டித் தொங்கவுடச் சொல்றியா?"

"காய்ச்சி ஆறின கம்பியத் தொடவே கூடாது நைனா. அடிச்சா, முறுக்கினா, மறுபடி இறுகிப் போயிடும். அப்பறம் கரண்ட நிறுத்தினாலும் காந்தம் போவாது. கொஞ்சம் உள்ளயே தங்கிடும்."

"அடிச்சா இறுகுமா? நாப்பது வருசமா அடிச்சு இளக்கினவன் கிட்ட வந்து சொல்றான் பாரு."

"அது தோல் நைனா."

நீ குரலை உயர்த்தவில்லை. ஆனால் எஸ்தரும் இன்னும் இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை வீட்டில் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்து, இரண்டு கம்பிகளை ஒடித்து, ஒடிந்த இடத்தைப் பார்க்கச் சொன்னாய். இரும்புக்குள்ளும் மணி மணியாக இருக்கிறது, காய்ச்சி ஆறும்போது அந்த மணிகள் நிம்மதியாக வளர்ந்து உட்காருகின்றன, அடித்து முறுக்கினால் நசுங்கி ஒன்றையொன்று நெருக்கிக்கொள்கின்றன என்றாய். அப்படி நெருங்கிய இரும்பில் காந்தம் உள்ளே போவதும் கஷ்டம், போனது வெளியே வருவதும் கஷ்டம். செம்பும் அப்படித்தான், விறைப்பாக இழுத்ததில் அது மெலிந்துவிட்டது, உள்ளேயும் கொஞ்சம் நைந்துவிட்டது, அதனால் கரண்டு தடைப்பட்டுச் சூடாகப் போகிறது என்றாய். நான் கண்ணாடியை வாங்கக்கூட இல்லை. "பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாத்தான் ஒனக்கு ஒங்கப்பன் செஞ்ச வேலை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "புள்ள காட்டுறான், பாத்தாத்தான் இன்னா? கண்ணு தேஞ்சு பூடுமா?" என்றாள்.

எஸ்தரும் சொன்னாள். ஒருமுறை இல்லை, பலமுறை. "மேஸ்திரி, இது வுடமாட்டேங்குது. நிறுத்தினாலும் தாடி மாதிரி தொங்கிக்கினே கீது." நான் என்ன சொன்னேன்? "ஒழுங்காத் தொடச்சா ஏன் தொங்குது?" அவள் துடைத்தாள். தென்னந்துடைப்பத்தால் துடைத்தாள், முந்தானையால் துடைத்தாள். ஆனாலும் மயிரிழை போன்ற துணுக்குகள் முனையில் ஒட்டிக்கொண்டே இருந்தன. காந்தத்தைப் பலகைக்கு மேல் திருப்பும்போது, கரண்டு மறுபடி வருவதற்குள், பலகையின் அதிர்வில் அவை உதிர்ந்து பட்டையோடு போய்விட்டன. ஒன்றிரண்டு ஒன்றிரண்டாக இருந்திருந்தால் பரவலாக ஏதோ புள்ளி விழுந்திருக்கும். இவை கொத்தாக விழுந்தன. ஒரே தொட்டியில்.

அந்தத் தொட்டித் தோல்களை எடுத்து முற்றத்தில் பரப்பிய காலையில் நீயும் அங்கே இருந்தாய். ஒரு தோலாவது முழுசாகத் தப்பியிருந்தால் என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்குமோ என்னவோ. முதலாளி ஒரு தோலைக் காலால் புரட்டிவிட்டு, "இன்னா மேஸ்திரி இது? தோலா, அம்மை போட்ட மூஞ்சியா? பேஜாராப் போச்சே. ஒன் காந்தம் தூங்கிச்சா, இல்ல நீ தூங்கினியா?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எஸ்தர் பக்கம் கையைக் காட்டினேன். "காந்தம் தூங்காது முதலாளி. தொடைக்கிற ஆளுதான் தூங்கிட்டா."

"நான் தொடைச்சேன் ஐயா," என்றாள் எஸ்தர். "சத்தியமா தொடைச்சேன். அதுதான் வுடமாட்டேங்குதுன்னு மேஸ்திரி கிட்ட எத்தினி தடவ சொல்லிக்கீறேன், கேளுங்க."

நீ முன்னே வந்தாய். "அந்தம்மா மேல தப்பு இல்லீங்க முதலாளி. கோளாறு காந்தத்துல கீது. ரெண்டு நாள் டைம் குடுங்க, காட்டுறேன்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். சொன்ன வார்த்தைகளையே எழுதுகிறேன், குறைத்து எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். "அவளுக்கு நீ ஏண்டா பரிஞ்சு வர்ற? லீவுல வந்தவன் வூட்ல தங்காம காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பட்டை மில்லுல நின்னியே, அது எதுக்குன்னு யாருக்கும் தெரியாதா? சூசைக்குத் தெரிஞ்சா போதும்." சூசை தோல் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவன் சிரித்தான். ஒருவன்தான். எஸ்தர் அழவில்லை. சூசையைப் பார்த்தாள். சூசை மாட்டை மறுபடி வண்டியில் பூட்டினான். நீ முதலாளியிடம், "அந்தம்மாவ நிறுத்திடாதீங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். முதலாளி அன்றே எஸ்தரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நீ மத்தியான ரயிலில் ஏறிவிட்டாய் என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உன் அம்மா அதற்குப் பிறகு எனக்குச் சோறு போடுவாள், பேசமாட்டாள். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு, அன்றைக்குப் போய் முறுக்கிய தண்டையும் முறுக்காத தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, அவள் பிள்ளை சொன்னது பிதற்றல் என்று எழுதி உனக்கே அனுப்புகிறேன் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிரித்தால், கம்பிக் கட்டு. அதே கட்டுக்கம்பி, அதே நீளம். ஒவ்வொன்றும் சாம்பல் நிறத்தில், நேராக, ஒரு அடிகூடப் படாமல், தனித்தனியாக மெழுகுக் காகிதம் வைத்து மெல்ல நூலால் கட்டியிருந்தது. பக்கத்தில் இழுக்காத செம்புச் சுருளும் இருந்தது.

"யார் செஞ்சது இது?"

"வேற யாரு? என் அடுப்புலதான் காய்ச்சினான். ரெண்டு நாள் அடுப்ப ஆறவிடாம, சாம்பலக் கலைக்காம நான்தான் பாத்துக்கினேன்."

"எதுக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாம மாத்திடலாம்னு. கரண்ட நிறுத்தும்போது எவ்ளோ தங்குது, எவ்ளோ வுழுதுன்னு பாக்கத்தான் மில்லுலயே நின்னான். 'நைனாவுக்கு நாலு பேர் எதிர்ல தலகுனிவு வாணாம்மா'ன்னான்." சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட ஏதாவது கிடைத்திருக்கும்.

நீ யோசித்தாய் என்று பிறகு தெரிந்தது என்றேனே, இதுதான்.

அப்போதும் நான் இளகவில்லை. உன் கட்டு தோற்க வேண்டும் என்றுதான் அந்த வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனேன். ஷாப்பில் ஆள் இல்லை. இன்ஜினை ஓட்டினேன். இரண்டு தண்டுக்கும் மாற்றி மாற்றி ஒரே சுருளைப் போட்டேன், இல்லாவிட்டால் சுருளின் மேல் பழி போடலாம் என்று எனக்கே தோன்றும். மில் கத்தி வெட்டிய கம்பித்தூளைத் தட்டில் பரப்பி வைத்தேன். முதலில் என்னுடையது. கரண்டைக் கொடுத்ததும் தூள் எழும்பிப் பிடித்துக்கொண்டது. எனக்குத் தைரியம் வந்தது. நிறுத்தினேன். பாதி கொட்டியது. மீதி தாடியாகத் தொங்கியது. தட்டினேன், ஆடியதே தவிர விழவில்லை. விரலால் வழித்தேன், விரலுக்குப் பின்னாலேயே திரும்பிப்போய் ஒட்டியது. எஸ்தர் சொன்ன அதே தாடி.

பிறகு உன்னுடையது. கரண்டைக் கொடுத்தேன். என் தண்டு எடுத்ததைவிட அதிகமாக எடுத்தது. நிறுத்தினேன். மழை நின்றபின் கூரையிலிருந்து கடைசித் தண்ணீர் விழுவதுபோல எல்லாம் விழுந்துவிட்டது. முனை சுத்தமாக இருந்தது. நான் மறுபடி செய்தேன். மறுபடியும் செய்தேன். கடைசியில் உன் கட்டிலிருந்து ஒரே ஒரு கம்பியை உருவி, என் கையாலேயே முறுக்கி, சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, சுருளுக்குள் விட்டுப் பார்த்தேன். தாடி வந்துவிட்டது. அதே கம்பி, அதே அடுப்பு, அதே சாம்பல். நடுவில் வந்தது என் கை மட்டும்தான். இதற்கு மேல் எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

இதுவரை நான் சொன்னது அறியாமை. இனிச் சொல்லப்போவது அறியாமை இல்லை. அன்றே முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. யாருக்கும் சொல்லாமல் என் தண்டைக் கழற்றி மூட்டை கட்டி இன்ஜின் ஷெட் மூலையில் போட்டுவிட்டு, உன் கட்டையும் உன் சுருளையும் மாட்டினேன். மேலே அதே பழைய துணியைச் சுற்றினேன், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது என்று. சுருள் இப்போது சூடாவதில்லை. காந்தம் பிடிக்கிறது, சொன்னால் விடுகிறது. அடுத்த தொட்டித் தோல்கள் பொன்போல வந்தன. முதலாளி என் தோளில் தட்டி, "மேஸ்திரின்னா மேஸ்திரிதான்!" என்றார். நான் அதை வாங்கிக்கொண்டேன். அதோடு நிற்காமல் அவர், "பாத்தியா, அந்தப் பொம்பளைய அனுப்பினதும் எல்லாம் சரியாப் பூடுச்சு. தப்பு அவ மேலதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

புரிகிறதா துரை? கோளாறை நான் ரகசியமாகச் சரிசெய்தது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவள் இருந்தவரை தோல் கறுத்தது, அவள் போனதும் தெளிந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? முதலாளி ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஷாப்புக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். எங்கே போனாலும் அவளுக்கு வேலை இல்லை. அவள் தூங்கினாள் என்பது உறுதியானதும், நான் சொன்ன அந்த மற்றப் பொய்யும் உறுதியான மாதிரி ஆகிவிட்டது. ஊர் இரண்டையும் சேர்த்தே நம்பியது. சூசை அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

போன வாரம் அவள் ஷாப்பு வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நான் வெளியே வரும்வரை வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். வேலை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"மேஸ்திரி, அது இப்ப வுடுதாமே?" என்றாள்.

"எது?"

"காந்தம். மில்லுல வேலை செய்ற செல்லம்மா சொன்னா. தொடைக்கவே வாணாமாம், நிறுத்தினா தானா வுழுந்துடுதாமே."

நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டேன்.

"எனக்கு வேலை வாணாம் மேஸ்திரி. எங்க வூட்டுக்காரர் கிட்ட வந்து அத மட்டும் சொல்லுங்க. அப்ப வுடல, இப்ப வுடுதுன்னு. வேற ஒண்ணும் சொல்ல வாணாம். அவர் மத்தத அவரே புரிஞ்சிக்குவார்."

அவள் கேட்டது இவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலை நேரத்துல வந்து நிக்காத, போம்மா" என்றேன். "ஒங்க புள்ள ஒங்கள மாதிரி இல்ல மேஸ்திரி. அதுக்காவது சாமிக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவள் கத்தியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன், இன்றுதான் பேனாவை எடுத்தேன்.

பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உனக்கு ஒரு கை வேலை நன்றாக வந்துவிட்டால், அந்தக் கையை வேறு பொருளின்மேல் வைக்கும்போது சந்தேகப்படு. தோலை இளக்கிய கையால்தான் நான் இரும்பைக் கெடுத்தேன். அதே கையால்தான் உன்னையும் வளர்த்தேன். டைனமோ பெல்ட்டைத் தொட்டாய் என்று, சிறுவனாக இருந்தபோது உன்னை வாரால் அடித்தேன். தங்கவயலுக்குப் போகிறேன் என்றபோது ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். முறுக்கினால் பிள்ளை உருப்படுவான் என்று நம்பினேன். நீ உருப்பட்டது அதனால் அல்ல. உன் அம்மா, சாம்பலைக் கலைக்காமல் கம்பியைக் காத்ததுபோல, உன்னைப் பார்த்துக்கொண்டாள், அதனால். இறுகிப்போனவன் நான்தான். கரண்டு நின்ற பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

இன்னொன்று. நாலு பேர் எதிரில் எனக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று நினைத்தாயே, அது உன் நல்ல மனசு. ஆனால் தப்பு. தலைகுனிய வேண்டியவனைக் குனியவிடு. அன்றே, தோல் கறுக்கும் முன்பே, முதலாளியிடம் போய்ச் சொல்லியிருந்தால் நான் உன்மேல் ஆறு மாதம் கோபமாக இருந்திருப்பேன். எஸ்தர் தன் வீட்டில் இருந்திருப்பாள். உன்மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான், இது மாறாது. ஆனால் இதை என் தப்போடு சேர்த்து எடைபோடாதே. இது வேறு, அது வேறு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதியாகிவிடும். இப்போது அது எனக்கு வேண்டாம். செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதை முடிக்கும்வரை நிம்மதி இருக்கக்கூடாது.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மூலையில் மறைத்து வைத்த என் தண்டை எடுத்து, உன் கட்டின் பக்கத்தில் மில் சுவரில் மாட்ட வேண்டும். கரண்டைக் கொடுத்து நிறுத்தி, எது விடுகிறது எது விடவில்லை என்று ஷாப்பின் ஒவ்வோர் ஆளும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதைச் செய்து காட்ட வேண்டியவன் நான். அன்று சிரித்தவன் முதலில் வந்து பார்க்க வேண்டும்.

எஸ்தருடைய வேலையை முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்தெந்த ஷாப்புக்குச் சொல்லி அனுப்பினாரோ அந்தந்த ஷாப்புக்கு, தப்பு அவளுடையதல்ல என்று சொல்லி அனுப்ப வேண்டும். அவர் தயங்கினால் இன்ஜின் ஷெட் சாவி அவர் மேஜைமேல் இருக்கும். வைக்க வேண்டியவன் நான். அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இனி யாரும் என்னை அந்தக் காந்தத்துக்கு மேஸ்திரி என்று கூப்பிடக்கூடாது.

அடுத்த தண்டைக் காய்ச்சப்போகிறவனுக்கு, காய்ச்சி ஆறிய கம்பியில் கை படக்கூடாது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். அது நீ. வர விருப்பமில்லாவிட்டால் எழுதி அனுப்பு. எனக்கு வேண்டாம், உன் அம்மாவுக்கு அனுப்பு. அந்த அடுப்பு அவளுடையது. அவள் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை, என்னோடு பேச வேண்டியதும் இல்லை.

சூசை எஸ்தரைத் திரும்ப வீட்டில் சேர்க்க வேண்டும், அதைச் செய் என்று நான் சொல்ல முடியாது. கேட்கத்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு எல்லோரும் தெருவில் இருக்கும் நேரத்தில் அவன் வீட்டு எதிரில் போய், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அப்போது விடவில்லை இப்போது விடுகிறது என்றும், மற்றது நான் சொன்ன பொய் என்றும், ஷாப்பு முற்றத்தில் சொன்ன அதே சத்தத்தில் நான் சொல்ல வேண்டும். அவன் என்னை அடித்தால் தெருவில் யாரும் தடுக்கக்கூடாது.

அங்கிருந்து எஸ்தரின் அக்கா வீட்டுக்குப் போய் அதையே மறுபடி சொல்ல வேண்டியவனும் நான். எஸ்தர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கதவைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. வெளியே நின்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.